கை தூக்காத ஏலம்

கொலம்பியா, தென் கரோலினா
அக்டோபர் 3, 2018

அன்புள்ள ரோசெல் அக்கா,

திங்கட்கிழமை நீ வருவாய் என்று நீதிமன்ற வாசலில் ஏலம் தொடங்கும்வரை நின்றேன். வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

நாம் பேசிக்கொண்டபடி காரியம் முடிந்தது. நிலம் என் பேருக்கு விழுந்தது, வரி பாக்கி எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுக்கே. நீ குழம்பிவிடக் கூடாது என்று மறுபடி சொல்கிறேன். நம் இரண்டு அப்பாக்களுக்கும் தாத்தாவான கட்ஜோ விக்ஃபால் உயில் எழுதாமல் செத்தார். கறுப்பர்களுக்கு நிலமே கிடைக்காத காலத்தில் அவர் வாங்கிய ஒன்பது ஏக்கர் இன்றைக்கும் அவர் பேரில்தான் இருக்கிறது. வாரிசுகள் இப்போது நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு அங்குலத்திலும் ஒவ்வொருவருக்கும் பங்கு. உன் வீட்டுக் கூரை புயலில் போனபோது அரசாங்கத்திடம் உதவிப் பணம் கேட்டாய், உன் பேரில் பத்திரம் எங்கே என்றார்கள். இந்த வில்லங்கம் தீர ஒரே வழி, வரி கட்டாமல் விட்டு, ஏலத்துக்கு வரவைத்து, நானே எடுப்பதுதான். ஒரு வருடத்துக்குள் வாரிசு யாரும் பணம் கட்டி மீட்காவிட்டால் நிலம் என்னுடையது. பிறகு உன் வீட்டையும் அதைச் சுற்றி இரண்டு ஏக்கரையும் உன் பேருக்கு எழுதித் தருகிறேன். மீதி ஏழு எனக்கு.

வரி பாக்கி நிலம் வாங்கி, வில்லங்கம் நீக்கி விற்பதுதான் பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. எனக்குத் தெரியாத ஏலம் இல்லை. ஆனால் இது வேறு மாதிரி நடந்தது. நம் எண்ணைப் படித்ததும் நான் எழுந்து, "இது எங்க குடும்பத்து நிலம்" என்றேன். உனக்கே தெரியும், வீட்டு ஆள் எழுந்து நின்றால் மற்றவர்கள் கை தூக்குவதில்லை. நானும் இதுவரை தூக்கியதில்லை. அறை முழுக்க இருந்த வியாபாரிகள் எண் அட்டைகளை மடியில் போட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றினார். எனக்கு என்னவோ போல் இருந்தது.

போகட்டும். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இரு.

தாடியஸ்



சின்ன பெல் தீவு
அக்டோபர் 20, 2018

தாடியஸ்,

போனில் நீ பேசினால் நான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று தோன்றுகிறது. அதனால் இனிமேல் எழுது. எழுத்தில் நீ அவ்வளவு இனிப்பாக இல்லை.

நான் வந்தேன். நீதிமன்றத்துக்கு எதிரே வண்டி நிறுத்துகிற இடத்தில், காருக்குள் உட்கார்ந்திருந்தேன். இறங்க முடியவில்லை. நீ வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்ததைப் பார்த்தேன். நல்ல கோட்டுப் போட்டிருந்தாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் வரி அலுவலகத்து ஆள் வந்து வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஓக் மரத்தில் ஆரஞ்சு அட்டை ஒன்றை ஆணி அடித்துவிட்டுப் போனான். இந்த நிலம் ஏலத்துக்கு வருகிறது என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த ஞாயிறு வடக்கிலிருந்து நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் சர்ச்சுத் திருநாளுக்கு வர இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஆணியோடு பிடுங்கி, துணி துவைக்கிற எந்திரத்துக்குப் பின்னால் செருகினேன். அப்புறம் அந்த மரத்தடியில்தான் மேஜை போட்டு அவர்களுக்கு இறாலும் தக்காளி போட்ட சிவப்புச் சோறும் பரிமாறினேன். "ரோசெல் இருக்கிறதாலதான் இந்த மண்ணு நம்ம கையில இருக்கு" என்று ஆம்ப்ரோஸ் சித்தப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

யாரோ தொப்பி கழற்றினார் என்று எழுதியிருக்கிறாய். அவர் நமக்காகக் கழற்றினார் என்று நினைத்தாயா? கட்ஜோவுக்காகக் கழற்றியிருப்பார்.

ரோசெல்



கொலம்பியா
டிசம்பர் 11, 2018

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். இப்படி உன்னை நீயே தின்றுகொள்ளாதே. யாரை ஏமாற்றிவிட்டோம்? பிலடெல்பியாவிலும் பிராங்க்ஸிலும் பிறந்து வளர்ந்தவர்கள். பாதிப் பேருக்கு இந்தச் சேற்று வாடையே பிடிக்காது. வருடத்தில் ஒரு நாள் வந்து தின்றுவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு பங்கு, முப்பது வருடமாக அங்கேயே கிடந்து, கூரை ஒழுகினாலும் விட்டுப் போகாத உனக்கும் அதே ஒரு பங்கு. இதுதான் நியாயமா?

நாம் இதைச் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான். நாற்பத்தொரு பேரில் ஒருவனுடைய பங்கை வாங்கிக்கொண்டு, மொத்தத்தையும் விற்றுப் பிரித்துக் கொடு என்று கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடுதான் நான் தினமும் மதியம் சாப்பிடுகிறேன். எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்துவிடு. படகோட்டிகூட இல்லாத குளிரில் தனியாக இருக்காதே.

தாடியஸ்



சின்ன பெல் தீவு
ஜனவரி 15, 2019

தாடியஸ்,

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னித்துக்கொள். உன் வீட்டில் சாப்பிட்டால் சம்பளம் வாங்கியது மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

புது வருடத்துக்கு முந்தின நாள் ஆம்ப்ரோஸ் சித்தப்பாவின் மணியார்டர் வந்தது. உனக்குத் தெரியாதோ என்னவோ, நிலத்து வரிக்கென்று ஒவ்வொரு வருடமும் அனுப்புகிறார். பிலடெல்பியாவில் பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அனுப்புகிறார். ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. மற்றவர்கள் அப்பப்போது தருவார்கள், மறப்பார்கள். அவர் மறந்ததே இல்லை. போன வருடம் அனுப்பியதும் கட்டாமல் அலமாரியில் கிடக்கிறது.

திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்பார். வரியாகக் கட்டினால் உன் ஏலம் கெடும். உறையைச் சமையலறையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மழை பிடித்தது. கூரைமேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் கிழிந்து படுக்கை நனைந்தது. அந்தப் பணத்தை மாற்றிப் புதுத் தார்ப்பாய் வாங்கிவிட்டேன்.

இப்போது ஒழுகவில்லை. ஆனால் மல்லாந்து படுத்தால் அவருடைய பணம் தலைக்கு மேல் படபடவென்று அடித்துக்கொள்கிறது. திருடி என்று என்னை யாரும் சொன்னதில்லை, தாடியஸ். இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு இது வேண்டாம். நிலத்தை மீட்டுவிடலாம். நீ கொடுத்த பணம் வட்டியோடு உனக்குத் திரும்ப வரும் அல்லவா? யோசித்து எழுது.

ரோசெல்



கொலம்பியா
மார்ச் 4, 2019

அன்புள்ள அக்கா,

யோசித்தேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு திரும்புவது புத்திசாலித்தனம் இல்லை. கூரை மறுபடி கிழியும். அடுத்த புயலுக்கும் உன் கையில் பத்திரம் இருக்காது.

ஆனால் ஒரு சிக்கல். வக்கீலைப் பார்த்தேன். நான் கட்ஜோவின் வாரிசு என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "கூட்டுச் சொத்துல பங்கு உள்ளவன் ஏலத்துல எடுத்தா, அது எல்லாருக்கும் சேர்த்து வரி கட்டின மாதிரிதான். மத்தவங்க பங்கு அப்படியேதான் இருக்கும். இவ்வளவு வருஷம் இந்தத் தொழில்ல இருந்தும் இது தெரியாதா?" என்றார். தெரியவில்லை. என் சொந்தக் குடும்பத்து நிலத்தை நான் இதற்கு முன் ஏலத்தில் எடுத்ததில்லையே.

இதற்கு வழி இருக்கிறது. ஏல உரிமையை வெளியாள் ஒருவர் பேருக்கு மாற்றிவிட்டால் வில்லங்கம் நீங்கும். கார்லண்ட் டீக் என்று என்னோடு தொழில் செய்கிறவன் இருக்கிறான். பேருக்கு மட்டும்தான் அவன். கெடு முடிந்ததும் உன் இரண்டு ஏக்கரை எழுதித் தந்துவிடுவான். நம்பலாம்.

தாடியஸ்



சின்ன பெல் தீவு
ஏப்ரல் 9, 2019

தாடியஸ்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நம்பலாம் என்று கடைசியில் ஒரு வார்த்தை எழுதியிருந்தாயே, அதுதான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். நம்புகிற ஆளைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை.

நேற்று நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கழிமுகத்துப் பக்கம் போனேன். இரண்டு பையன்கள் முக்காலியில் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் ரோஜா நிறத்தில் நாடா கட்டியிருந்தார்கள். "யாருப்பா நீங்க?" என்று கேட்டேன். "டீக் சார் அனுப்பினாரும்மா" என்றான் ஒருவன். நல்ல பையன். என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

"இங்க படகுத்துறை. அந்தாண்ட பன்னெண்டு வீடு. தண்ணியப் பார்த்த மாதிரி."

"சரி, அந்த நீலத் தார்ப்பாய் போட்ட வீடு?"

"அது நீச்சல் குளம்மா."

நான் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வீட்டிலிருந்துதான் கொண்டுவந்தேன். அவனுக்கு அது தெரியவில்லை. "தேங்க்ஸ்ம்மா, ரொம்ப வெயில்" என்றான்.

என் படுக்கை எங்கே வரும் தாடியஸ், ஆழமான பக்கமா, ஆழமில்லாத பக்கமா?

ரோசெல்



கொலம்பியா
மே 2, 2019

ரோசெல் அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

நடந்தது இது. கார்லண்டிடம் பேர் மாற்றத்துக்காகத்தான் போனேன். அவன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏழு ஏக்கர் எதுக்கு? ஒன்பதும் சேர்ந்தாத்தான் விலை" என்று ஒரு தொகை சொன்னான். எவ்வளவு என்று உனக்கு எழுதமாட்டேன், எழுதினால் நீ இன்னும் கேவலமாக நினைப்பாய். அந்தத் தொகையைக் கேட்ட நிமிடத்திலிருந்து உன் வீடு என் கண்ணுக்கு வீடாகத் தெரியவில்லை. உனக்கு நகரத்தில் நல்ல அபார்ட்மெண்ட் வாங்கிக் கொடுத்துவிடலாம், ஒழுகாத கூரை, லிஃப்ட் எல்லாம் இருக்கும் என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். உன்னைக் கேட்காமலே அளக்கச் சொன்னேன்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடவே மாட்டேன் என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. அதுதான் உண்மை, அக்கா.

ஏலத்தில் அன்றைக்கு அத்தனை பேரும் அட்டையைக் கீழே போட்டார்கள் அல்லவா? இப்போது அவர்களைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு மேஜைக்குப் போய்விடுகிறேன். "நிலம் எப்படி இருக்கு தாடியஸ், குடும்பமெல்லாம் சௌக்கியமா?" என்று ஒருவர் நல்ல மனதோடு கேட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

உன் தம்பி



சின்ன பெல் தீவு
ஆகஸ்ட் 27, 2019

தாடியஸ்,

கையெழுத்துப் போடமாட்டேன் என்று உன்னால் எழுத முடியவில்லை. அப்படியானால் இந்த வீடு எனக்கு மிஞ்ச ஒரே வழிதான் இருந்தது. மேயிலிருந்து அந்த வழியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன்.

சர்ச்சுத் திருநாளுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்தேன். என் முழங்காலைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்து "ஆமென்" என்றார்கள். ஆரஞ்சு அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டினேன். வரி கட்டவில்லை என்பதைச் சொன்னேன். ஏலம் போனதைச் சொன்னேன். தார்ப்பாயையும் சொன்னேன். அதற்குப் பிறகு ஆமென் வரவில்லை.

"யாரு எடுத்தது?" என்று கேட்டார்கள். சொன்னேன். உன்மேல் பழி போட்டுத் தப்பிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்தார்கள், காரெல்லாம் அங்கே நின்றதால். நாலு பெரிய பாத்திரம் சமைத்து வைத்திருந்தேன். ஒருவரும் என் வீட்டில் கை நனைக்கவில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் விடுதிக்குப் போய்விட்டார்கள். சிவப்புச் சோறு ஆறி, கட்டியாகி, அப்படியே இருந்தது. நாய்க்குப் போடவும் மனம் வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் ஆம்ப்ரோஸ் சித்தப்பா மட்டும் வந்தார். அடுப்படிக்குப் போய், மூடியைத் திறந்து, நின்றபடியே பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்த சோற்றைக் கரண்டியால் தின்றார்.

"உப்புக் கம்மி" என்றார்.

"சித்தப்பா, உங்க பணத்தைத் திருப்பித் தந்துடறேன்."

"தார்ப்பாய் நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதப் பேசாத. மீட்க எவ்வளவு வேணும், அதச் சொல்லு. திட்டறதுக்கு அப்புறம் நேரம் ஒதுக்குவோம்."

ஒதுக்கினார். ஒரு மணி நேரம் திட்டினார். பஸ் ஓட்டினவர் வாய் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

செப்டம்பர் முடியும்வரை கெடு இருக்கிறது. அதற்குள் நீ கார்லண்ட் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், நாங்கள் மீட்கப்போவது உன்னிடமிருந்தா அவனிடமிருந்தா என்பது மட்டும்தான் வித்தியாசம். எங்கள் கையில் பணம் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தால், நினைத்துக்கொள்.

ரோசெல்



கொலம்பியா
செப்டம்பர் 6, 2019

அக்கா,

கார்லண்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ எல்லாருக்கும் சொன்ன பிறகு சொன்னேன், அதற்கு முன்னால் இல்லை. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

திருநாளன்று நானும் வந்தேன். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பீச் பழப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஏறும்போது சர்ச்சு மணி கேட்டது. அங்கே நீ தனியாக எழுந்து நிற்கப்போகிறாய் என்று எனக்கு எப்படியோ தெரிந்தது. தெரிந்துதான் வண்டியைத் திருப்பினேன். வழி நெடுக உனக்கு இரத்த அழுத்தம் உண்டே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அக்கறைக்குக் குறைச்சல் இல்லை, பார்.

யாரும் பணம் சேர்க்க வேண்டாம். மீட்கிற தொகை முழுவதையும் நானே கட்டிவிடுகிறேன். உன் கூரையையும் நானே போட்டுத் தருகிறேன், தகரம் இல்லை, நல்ல கூரை. ஆம்ப்ரோஸ் சித்தப்பா இத்தனை வருடம் அனுப்பியதற்கும் ஏதாவது செய்ய வேண்டும். எவ்வளவு ஆனாலும் சரி. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே காசோலை அனுப்புகிறேன். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதே, எனக்குத் தூக்கமே இல்லை.

தாடியஸ்



சின்ன பெல் தீவு
செப்டம்பர் 30, 2019

தாடியஸ்,

வேண்டாம்.

நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதவில்லை, சரி என்று எழுதிவிடுவேனோ என்று பயந்தேன். ஒழுகுகிற வீட்டில் இருப்பவளிடம் நல்ல கூரை என்று சொன்னால் ஆசை வராதா? ஆனால் நீ மொத்தத்தையும் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நிலத்தை எடுத்தவனும் நீ, கொடுத்தவனும் நீ என்று ஆகும். அடுத்த திருநாளுக்கு எல்லாரும் உனக்கு நன்றி சொல்வார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நீயும் வெறுப்பாய்.

இன்று காலை ஆம்ப்ரோஸ் சித்தப்பாவும் நானும் வரி அலுவலகத்துக்குப் போய் நிலத்தை மீட்டுவிட்டோம். பணத்தை ஊர் ஊராகச் சேர்த்தோம். டெட்ராய்ட்டில் ஒருவன் இருக்கிறானாம், பேரே எனக்குத் தெரியாது, அவனும் அனுப்பினான். இரண்டு பேர் என்னோடு இனிமேல் பேசமாட்டோம் என்று எழுதி, அந்தக் காகிதத்துக்குள்ளேயே பணத்தையும் வைத்திருந்தார்கள்.

ஜன்னலில் இருந்த பெண், "யார் சார்பா கட்டறீங்கம்மா? ஒரு பேர் சொன்னாப் போதும்" என்றாள்.

"ஒரு பேர் போதாது. எல்லாப் பேரும் எழுதிக்கோ" என்றேன்.

"அவ்வளவு இடம் இல்லம்மா."

"அப்ப காதாலயாவது கேட்டுக்கோ."

பின்னால் வரிசை நின்றது. நான் அவசரப்படவில்லை. கட்ஜோவின் மூத்த மகள் வழியில் தொடங்கி ஒவ்வொரு பேராகச் சொன்னேன். நம் இரண்டு அப்பாக்கள் வழிக்கு வந்தபோது என் பேரைச் சொன்னேன். அதோடு நிறுத்திவிடலாமா என்று நாக்கு நின்றது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நானே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார், பாவி மனுஷன்.

சொன்னேன். தாடியஸ் விக்ஃபால்.

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவர்தானே ஏலத்துல எடுத்தவர்?"

"ஆமா. அவனும் எங்க வீட்டுப் பிள்ளைதான்."

உன் ஏலப் பணம் வட்டியோடு உனக்கு வந்துவிடும். அது அவர்கள் கணக்கு. நம் கணக்கு வேறு. மீட்ட தொகையை நாற்பத்தொன்றாகப் பிரித்தோம். உன் பங்கு மட்டும்தான் பாக்கி, அதைச் சித்தப்பா கையிலிருந்து போட்டிருக்கிறார். அறுபத்து மூன்று டாலர். அவருக்கு அனுப்பு. பெரிய மனுஷன் மாதிரி அறுநூறு அனுப்பாதே, திருப்பி அனுப்பிவிடுவார். மற்றவர்கள் என்ன கொடுத்தார்களோ அதைத்தான் நீயும் கொடுக்க வேண்டும்.

ரோசெல் அக்கா